மிஸ்டர் இன்ஸ்பெக்‌ஷனும் பச்சை நூல் சால்வையும்

சிட்னிக்குத் தெற்கே இருக்கும் ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் காரில் போனவர்கள் சடகோபனைப் பார்த்திருப்பார்கள். பெயர் தெரியாவிட்டாலும் ஆளைத் தெரியும். கார் நிறுத்தும் இடத்தில் மஞ்சள் மேற்சட்டையுடன் நின்று, "கொஞ்சம் பின்னாடி எடுங்க சார், போதும், போதும்" என்று மெல்லிய குரலில் சொல்பவர். யாராவது வழியை மறித்து நிறுத்திவிட்டுப் போனால்கூட, அவர்கள் சாமி கும்பிட்டுத் திரும்பும்வரை காத்திருந்துதான் அதைச் சொல்வார். இதே மனிதரைப் பார்த்து மாதம் ஒருமுறை ஒரு மண்டபமே எழுந்து நின்று கூ அடித்தது. அந்தக் கூச்சலுக்காகத்தான் அவர் பாடுபட்டார். எங்கள் ஆட்களுக்கு அது ஏழு ஆண்டுகள் தெரியாது.

சடகோபன் திருச்சிக்காரர். மனைவி வைதேகியுடன் 1983இல் சிட்னிக்கு வந்தார். தொழில், பொய்ப்பல் செய்வது. பல் வைத்தியர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அதைப் பார்த்துப் பல் கட்டிக் கொடுப்பது இவர் வேலை. பரமட்டாவில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் சிறிய பட்டறை வைத்திருந்தார். மெருகேற்றிய பல்லில் விரல் அடையாளம் படக்கூடாது என்று வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டுதான் எடுத்துக் கொடுப்பார். அந்தக் கையுறையில்தான் இந்தக் கதை தொடங்குகிறது.

1987 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, மேற்குச் சிட்னியில் ஒரு கிளப் மண்டபத்தில் தொழில்முறை மல்யுத்தம் நடக்க இருந்தது. 1988 என்று சிலர் சொல்வது பிழை. மல்லர்களில் ஒருவருடைய பொய்ப்பல் உடைந்துவிட்டது. சடகோபன் அதை ஒட்டிச் சரிசெய்து நேரில் கொண்டுபோனார். பெட்டியை வைப்பதற்கு முன், உடை மாற்றும் அறையிலிருந்த மேசையில் கையுறை விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தார். தூசு. விரலைப் பார்த்து, தலையை மெல்ல இடமும் வலமும் ஆட்டினார்.

அந்தக் கூட்டத்தை நடத்துகிற கெவின் டொய்ல் கதவருகே நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். உயரமான, எப்போதும் வியர்த்துக்கொண்டிருக்கும் மனிதர்.

"இன்னொரு தடவை செய்."

"எதை சார்?"

"அந்தத் தலையாட்டலை. எனக்கு உன் கழுத்தை நெரிக்கணும் போல இருக்குது மேட்!"

மல்யுத்தத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். யார் வெல்வது, யார் தோற்பது என்பதை முன்கூட்டியே தீர்மானித்துவிடுவார்கள். அடி உண்மையில் வலிக்கும்; முடிவு மட்டும் பேசிவைத்தது. ஆகவே பார்க்க வருபவர்களின் கோபம்தான் அங்கே மூலதனம். அந்தக் கோபத்தை மூட்ட ஒரு வில்லன் மேனேஜர் இருப்பார். அவருக்குக் கீழே இரண்டு மூன்று மல்லர்கள் இருப்பார்கள். அந்தக் குழுவை 'ஸ்டேபிள்' என்பார்கள், குதிரை லாயம். மேனேஜர் பேசிப் பேசிக் கூட்டத்துக்கு எரிச்சலூட்டுவார். மல்லர்கள் முறைத்துக்கொண்டு நிற்பார்கள். கெவினின் வில்லன் மேனேஜர் அன்று வரவில்லை. அந்த இடத்துக்குச் சடகோபனையே பிடித்துக்கொண்டார்.

கெவின் முதலில் தலைப்பாகையும் ரப்பர் பாம்பும் கொண்டுவந்தார். சடகோபன் கையால் தள்ளிவிட்டார்.

"பாம்பைப் பார்த்து இந்த ஊர்ல யாருக்கும் கோபம் வராது சார். சிரிப்புதான் வரும். இங்க எல்லாருக்கும் கோபம் வர்ற ஆள் ஒருத்தர்தான். வாடகை வீட்டை இன்ஸ்பெக்‌ஷன் பண்ண வர்ற ஏஜென்ட்."

சிட்னியில் வாடகைக்குக் குடியிருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒருவர் அட்டையும் பேனாவுமாக வந்து, அடுப்பைத் திறந்து பார்த்து, சுவரைத் தடவிப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் எதையோ எழுதிக்கொண்டு போவார். வைதேகி நாள் முழுக்கத் தேய்த்துக் கழுவிய குசினியைப் பார்த்துவிட்டு, "திரைச்சீலையில் மசாலா வாசனை" என்று எழுதிப் போனவர் ஒருவர் உண்டு. சடகோபன் அன்று அந்த மனிதரையே நடித்தார். சாம்பல் நிறக் கோட்டு, வெள்ளைக் கையுறை, கையில் அட்டை. மேடைக்கு ஏறுமுன் அதைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைத் தடவி விரலைப் பார்த்தார். முன்வரிசையில் இருந்த ஒருவரின் சட்டைக் கொலரைப் பார்த்தார். தலையை ஆட்டி எழுதினார். மண்டபம் கொதித்தது.

அப்படித்தான் 'மிஸ்டர் இன்ஸ்பெக்‌ஷன்' பிறந்தார். அவருடைய குழுவுக்கு 'ஏஜென்சி' என்று பெயர். அதில் ஆட்கள் வந்தார்கள், போனார்கள். கடைசிவரை நின்றவன் சியோனே. பசிபிக் கடலிலுள்ள தொங்கா நாட்டிலிருந்து வந்த குடும்பத்துப் பையன். கதவை மறைக்கிற உடம்பு. பகலில் வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் வேலை. மைக்கை நீட்டினால் வியர்த்து வாய் கட்டிப்போகும். அதனால் அவனுக்காகச் சடகோபன் பேசினார். "பாஸ், இன்னைக்கு என்னைப் பத்தி என்ன சொல்லப்போறீங்க?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பான். "நீ மூணு வீட்டுக் கதவை உடைச்சவன்னு சொல்லப்போறேன்." "ஐயோ பாஸ், அம்மா வந்திருக்காங்க." "சரி, ரெண்டு வீடு."

வீட்டில் வைதேகிக்கு எல்லாம் தெரியும். கோயிலிலும் தமிழ்ச் சங்கத்திலும் ஒருவருக்கும் தெரியாது. வில்லன் வெளியில் நல்லவனாகத் தெரியக்கூடாது என்பது அந்தத் தொழிலின் விதி. சடகோபன் அதைத் தலைகீழாகக் காத்தார்: நல்லவன் வில்லனாக வெளியில் தெரியாமல் பார்த்துக்கொண்டார்.

1994 மார்ச்சில் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில் அவர் படம் வந்துவிட்டது. கையுறை விரலை நீட்டிக்கொண்டு, உதட்டைச் சுழித்துக்கொண்டு நிற்கிறார். அதை முதலில் கண்டவர் எங்கள் சங்கத் தலைவர் மகாதேவன். யாழ்ப்பாணத்தவர், ரயில்வேயில் வேலை, ஸ்ட்ராத்ஃபீல்டில் வீடு. உடனே தொலைபேசியில் கூப்பிட்டார்.

"என்ன சடகோபன், பேப்பரிலை படம் வந்திருக்கு, எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"சும்மா ஒரு பொழுதுபோக்கு சார்."

"பொழுதுபோக்கோ? எங்கட மனுசன் ஒருத்தர் இந்த ஊர்ச் சண்டையிலை மேனேஜர்! நான் பஸ் பிடிக்கிறன்."

பஸ் பிடித்தார். நானும் அதில் போனேன். முந்நூறு தமிழர் போனோம் என்று மகாதேவன் பிற்பாடு சொல்லுவார். அந்த மண்டபத்திலேயே முந்நூறு கதிரை இல்லை. நாங்கள் ஒரு பஸ் நிறைய, அவ்வளவுதான். மூன்றாவது சண்டை நடக்கும்போது போய்ச் சேர்ந்தோம். பெண்கள் பெட்டி பெட்டியாக வடை கொண்டுவந்திருந்தார்கள். தங்களுக்குள் மட்டும் தின்றால் சரியில்லை என்று பக்கத்து வரிசைகளுக்கும் நீட்டினார்கள். பச்சை குத்திய கைகள் வந்து வந்து வடை எடுத்தன.

சடகோபன் மேடைக்கு வந்தார். கயிற்றைத் தடவினார். வழமையான கூச்சலுக்காகத் தலையைத் தூக்கினார். எங்கள் ஆட்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அது போதாதென்று மகாதேவன் மேடையில் ஏறிவிட்டார். கையில் சால்வை. நாங்கள் எந்த நிகழ்ச்சிக்குப் போனாலும் ஒருவருக்குச் சால்வை போர்த்தாமல் திரும்புவதில்லை. மைக்கை வாங்கி, சடகோபன் பரமட்டாவில் எத்தனையோ பேரின் பசியைத் தீர்த்த பல் கலைஞர் என்றும், கோயிலில் தொண்டு செய்பவர் என்றும் ஆங்கிலத்தில் பேசினார். சால்வையைப் போர்த்தினார். வடை தின்றவர்கள் எல்லாரும் சேர்ந்து கைதட்டினார்கள். இறங்கும்போது மகாதேவன் தடுமாற, அரக்கனைப் போல நிற்க வேண்டிய சியோனே அவர் கையைப் பிடித்துப் பக்குவமாக இறக்கிவிட்டான். "எவ்வளவு நல்ல பிள்ளை!" என்று ஒரு வெள்ளைக்கார அம்மா சொன்னது எனக்குக் கேட்டது.

பிறகு, சியோனேயோடு மோத வேண்டிய மல்லன், மேடையில் நல்லவனாக வரும் பில்லி வந்தான். அவன் யாரை எதிர்த்துப் போராடுவது என்று யாருக்கும் புரியவில்லை. சண்டை உப்பில்லாமல் முடிந்தது.

அந்தச் சால்வையின் ஓரம் கயிற்றுக் கொக்கியில் மாட்டிக் கிழிந்திருந்தது. அரக்கு நிறம், பொன் கரை. எங்கள் சங்கத்தில் நல்ல சால்வை ஒன்றுதான். போர்த்தப்பட்டவர் மறுவாரம் திருப்பிக் கொடுப்பார், அது அலுமாரிக்குப் போகும், அடுத்தவருக்குப் போர்த்தப்படும். இது எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அலுமாரிக்குப் பொறுப்பு நான். வைதேகி கிழிசலைத் தைத்துக் கொண்டுவந்து தந்தார். அரக்கு நூல் கிடைக்காமல் பச்சை நூலால் தைத்திருந்தார்.

சண்டை முடிந்த கையோடு கெவின் சடகோபனை ஒரு மூலைக்கு அழைத்துப்போய்ச் சொன்னாராம்: "உன் ஆட்கள் அருமையான ஆட்கள். அவங்க செஞ்ச அந்தப் பண்டம் அதைவிட அருமை. ஆனா கைதட்டல் வாங்குற வில்லனை வெச்சு நான் என்ன செய்யறது? மே மாசம் மெல்பேர்ன்ல பெரிய சண்டை நடத்துறவர் வர்றார், சியோனேயையும் பில்லியையும் பார்க்க. பிடிச்சா ரெண்டு பேரையும் வருஷம் பூரா கூட்டிட்டுப் போவார். அன்னைக்கு மண்டபம் எரியணும். மறுபடி கைதட்டினா, சியோனேக்கு நியூகாசில்ல இருந்து வேற மேனேஜர் போட்டிருவேன்."

சியோனே அதைக் கேட்டுவிட்டு, வேறு மேனேஜர் என்றால் தான் வரவில்லை என்றான். சாமான் தூக்கியே முதுகு போய்க்கொண்டிருந்த பையன். தன்னால் அவனுக்கு மெல்பேர்ன் தவறிவிடும் என்ற எண்ணம் சடகோபனை உறங்க விடவில்லை. தன் இடம் போவதும் அவருக்குச் சிறிய விஷயமல்ல. அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு நடக்கும் பத்து நிமிடங்களுக்காக அவர் மாதம் முழுவதும் காத்திருப்பார்.

வைதேகி சொன்னார்: "நல்லவன்னு பேர் வாங்கினதுக்கு இடிஞ்சுபோய் உக்காந்திருக்கிற ஆள் உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான். போய் மகாதேவன் சார்கிட்ட பேசுங்க."

போனார். அன்று நானும் மகாதேவன் வீட்டில் இருந்தேன்.

"சார், அடுத்த தடவை நீங்க வராம இருந்தா…"

"வராமலோ? இந்தமுறை ரெண்டு பஸ்!"

"அப்ப வாங்க. ஆனா கைதட்டாதீங்க. என்னைத் திட்டணும்."

"உங்களையோ? ஏன், என்ன செய்தனீங்கள்?"

"ஒண்ணும் செய்யல சார். அதான் பிரச்சினை."

விஷயத்தை விளக்கி முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. மகாதேவன் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே கேட்டார். "அப்ப நாங்கள் கூ அடிச்சால்தான் அந்தப் பெடியனுக்கு மெல்பேர்ன்?"

"ஆமா சார்."

"ஓம், விளங்குது. கூ அடிப்பம். சனத்துக்கும் நான் சொல்லுறன்."

"இப்ப ஒரு தடவை அடிச்சுக் காட்டுங்க சார்."

மகாதேவன் கோப்பையை வைத்துவிட்டு, தொண்டையைச் செருமி, "கூ" என்றார். கதவைத் தட்டி உத்தரவு கேட்பதைப் போலிருந்தது. அவருடைய மனைவி மீனாம்பாள் குசினிக்குள் சிரித்த சிரிப்பு எங்களுக்குக் கேட்டது.

மே மாதம் வந்தது. மெல்பேர்ன்காரர் பின்வரிசையில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் இரண்டு பஸ்களில் போயிருந்தோம், வழமைபோலப் பிந்தித்தான். வடையும் போனது, இம்முறை இருமடங்கு. மண்டபம் முழுக்க, "அந்த வடைக்காரங்க வந்தாச்சு" என்ற பேச்சு.

சடகோபன் கோட்டும் கையுறையுமாக வந்தார், பின்னால் சியோனே. எங்கள் ஆட்கள் வாக்குக் கொடுத்தபடி கூ அடிக்க முயன்றார்கள். ஆனால் கூ அடிக்கும்போதே பாதிப் பேர் சிரித்தார்கள், சிலர் கையசைத்தார்கள். "அங்கிள்!" என்று ஒரு பிள்ளை கூப்பிட்டது. பில்லி மேடைக்கு வந்தபோது, நம்மாளுக்கு எதிரி அவன்தானே என்ற நினைப்பில், அவனுக்குத்தான் உண்மையான கூ விழுந்தது. கெவின் தலையில் கைவைத்தார்.

அப்போது மகாதேவன் மீண்டும் மேடைப்படி ஏறினார். கையில் சால்வை.

சடகோபன் பல்லைக் கடித்துக்கொண்டு, "சார், என்ன இது? சொன்னேனே" என்றார்.

"கூ அடிக்கிறம் தம்பி, அடிக்கிறம். அதுக்கு முதல் ஒரு மரியாதை செய்துபோட்டுத்தானே அடிக்க வேணும்? சும்மா வந்து திட்டுறதோ?"

சடகோபன் பின்வரிசையைப் பார்த்தார். மெல்பேர்ன்காரர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சியோனே, "பாஸ், பரவால்ல பாஸ்" என்று மெதுவாகச் சொன்னான். சால்வை தோளில் விழ இருந்த நேரத்தில், சடகோபனின் கண்ணில் அதன் ஓரம் பட்டது. பச்சை நூல்.

கையை உயர்த்தி நிறுத்தினார். சால்வையைத் தன் கையில் வாங்கினார். கையுறை விரலால் பொன் கரையை மெல்லத் தடவிக்கொண்டு போனார். கிழிசல் வந்ததும் விரல் நின்றது. குனிந்து பார்த்தார். முகர்ந்தார். பிறகு தலையை இடமும் வலமும் ஆட்டி, அட்டையில் எழுதினார். மைக்கை எடுத்துத் தமிழிலேயே பேசினார்.

"மகாதேவன் அவர்களே. இது போன தடவை எனக்குப் போர்த்தின சால்வைதானே?"

எங்கள் வரிசைகளில் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

"அதுக்கு முன்னாடி வயலின்காரருக்குப் போர்த்தினது. அதுக்கும் முன்னாடி யாருக்கோ. இந்தச் சங்கத்துல மனுஷங்க மாறுவாங்க, சால்வை மாறாது!" பிறகு, ஆங்கிலத்தில் மண்டபத்துக்கு: "இந்த ஆட்கள் எனக்குப் பழைய துணி கொண்டுவந்திருக்கிறார்கள்."

இன்னும் ஒரு கூவும் வரவில்லை. மகாதேவனின் முகம் சிவந்துபோயிற்று. சடகோபன் அவரைப் பார்க்காமல் ஓரத்தைத் தூக்கிக் காட்டினார்.

"தையலைப் பாருங்க. குழந்தை தைச்ச மாதிரி கோணல். தைச்சது யாரோ, கண்ணை மூடிக்கிட்டுத் தைச்சிருக்காங்க!"

மூன்றாவது வரிசையில் வைதேகி எழுந்தார். அவர் எழுந்ததை நான் கண்டேன். பக்கத்து இருக்கையில்தான் இருந்தேன். "அடப் பாவி மனுஷா! கண்ணு வலிக்க வலிக்க நான் தைச்சதுய்யா அது!" என்று கத்திவிட்டு, கையைக் குவித்து ஒரு கூ அடித்தார். பழகி அடித்த கூவல்ல அது. அதோடு எங்கள் இரண்டு பஸ் சனமும் எழுந்தது. "இறங்கு கீழை!" "நன்றி கெட்ட மனுசன்!" மீனாம்பாள் தன் வடைப்பெட்டியை மூடித் தட்டினார். வெள்ளைக்காரர்களுக்குத் தமிழ் புரியவில்லை. தங்களுக்கு வடை தந்த அம்மாக்களை அந்த ஏஜென்ட் அவமதித்தான் என்பது புரிந்தது. அவர்கள் இன்னும் பலமாக எழுந்தார்கள்.

சடகோபன் அந்தச் சால்வையை எடுத்து சியோனேயின் கழுத்து வியர்வையைத் துடைத்தார்.

மகாதேவன் மேடையிலிருந்து இறங்கவில்லை, குதித்தார். கதிரையில் ஏறி நின்றார். அதுவரை எல்லாரையும் 'நீங்கள்' என்று பேசிய மனிதர், "டேய் சடகோபா! இறங்கடா! உனக்கு ஒரு சால்வை கேக்குதோடா?" என்று மண்டபம் அதிரக் கத்தினார்.

பில்லி சியோனேயைத் தூக்கி எறிந்தபோது கூரை அதிர்ந்தது. பேசிவைத்தபடி சியோனே தோற்றான்; அழகாகத் தோற்றான். பில்லி அடுத்துச் சடகோபனைத் துரத்த, அவர் அட்டையைப் போட்டுவிட்டு மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றி ஓடினார். எங்கள் பெண்கள் வழியை மறித்தார்கள். மெல்பேர்ன்காரர் எழுந்து நின்று பார்த்தார். அடுத்த மாதம் மூவருக்கும் அங்கே ஒப்பந்தம் ஆயிற்று. சடகோபன் பட்டறையை விட முடியாதவர். மாதம் ஒரு சனி, ஞாயிறு மட்டும் போய்வருவார்.

அடுத்த இரண்டு ஞாயிறுகள் மகாதேவன் கோயிலில் சடகோபன் காட்டிய இடத்தில் காரை நிறுத்தாமல் தள்ளிப்போய் நிறுத்தினார். மூன்றாவது ஞாயிறு காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கினார்.

"சடகோபன்."

"சார், அன்னைக்கு நான்…"

"அதை விடுங்கள். நான் ஒண்டு கேக்க வேணும். முப்பது வருசம் ரயில்வேயிலை இருந்தனான். ஒருநாளும் மேலதிகாரியைப் பார்த்து வாய் திறந்ததில்லை. அண்டைக்குக் கத்தினது நெஞ்சுக்கு நல்லாயிருந்தது. அடுத்தது எப்ப?"

அதற்குப் பிறகு சிட்னியில் ஒரு சண்டையும் அவர் தவறவிடவில்லை. முன்வரிசையில் அவருக்கு ஒரு கதிரை. மண்டபத்துக்குள் 'டேய் சடகோபா', வெளியே வந்தால் 'வாங்கோ சடகோபன், தேத்தண்ணி குடிப்பம்'. இரண்டையும் அவர் ஒருநாளும் மாற்றிப் போட்டதில்லை. சியோனே மெல்பேர்னில் வீடு வாங்கினான், கல்யாணம் செய்தான். பின்னாளில் மைக்கில் தானே பேசப் பழகினான், கொஞ்சம்.

2009 ஒக்டோபரில் சடகோபன் கடைசித் தடவையாக அந்தச் சாம்பல் கோட்டைப் போட்டார். முழங்கால் ஓட விடவில்லை. அதே கிளப் மண்டபம். சியோனே மெல்பேர்னிலிருந்து வந்து பக்கத்தில் நின்றான். அவன் தலையிலும் நரை. கெவின் சக்கர நாற்காலியில் இருந்தார். சடகோபன் கயிற்றைத் தடவி, விரலைப் பார்த்து, தலையை ஆட்டினார். கூ வந்தது.

மகாதேவன் படியேறினார். இம்முறை அவரைக் கைபிடித்து ஏற்ற இரண்டு பேர் வேண்டியிருந்தது. கையில் சால்வை, கடைக் கண்ணாடித்தாள்கூடப் பிரிக்கவில்லை.

சடகோபன் தாளைப் பிரித்தார். கையுறை விரல் கரை முழுவதும் போயிற்று, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை. திருப்பிப் பார்த்தார். முகர்ந்தார். எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. அட்டையும் பேனாவுமாக அப்படியே நின்றார். அவர் கண் கலங்கியது முன்வரிசைக்குத் தெரிந்தது. என் பக்கத்தில் இருந்த வைதேகி, "சொல்லுங்க, எதையாவது சொல்லித் தொலையுங்க" என்று முணுமுணுத்தார்.

சடகோபன் சால்வையைத் தூக்கிப் பிடித்து, மகாதேவனின் உயரத்தையும் அதன் நீளத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, மைக்கில் சொன்னார்:

"நீளம் போதாது."

"டேய்!" என்றார் மகாதேவன், முகமெல்லாம் சிரிப்பாக. அதன் பிறகு அவர் சொன்ன எதுவும் எனக்குக் கேட்கவில்லை. அவ்வளவு கூ.

அந்தச் சால்வை சங்கத்து அலுமாரிக்குத் திரும்பி வரவில்லை. நானும் கேட்கவில்லை.